பள்ளி நுழைவாயில் கதவை வாக்கெடுப்புக்கு விடாமல் உடனே சீர்செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பெற்றோர்கள்,
தமிழ்ப்பள்ளி, வடகிழக்கு மாவட்டம், பினாங்கு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மாநிலக் கல்வி இலாகா, பினாங்கு.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பள்ளியின் பாதுகாப்பு மேம்பாட்டுக்குப் பெற்றோரிடம் சிறப்பு நிதி திரட்டலாமா என்பதை, வரவிருக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு விடுகிறார்கள். நுழைவாயில் இழுவைக் கதவு, கண்காணிப்பு கேமரா, வகுப்பறைக் கிரில் பூட்டு ஆகிய மூன்றும் ஒரே தீர்மானத்தில் உள்ளன. தீர்மானம் தோற்றால் கதவும் அப்படியே கிடக்கும். கேமரா வாங்குவதா வேண்டாமா என்று பெற்றோர் கூடிப் பேசலாம். பிள்ளைகள் மேல் சாயக்கூடிய கதவை அப்படிப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் தங்களை நாடுகிறோம்.

கையொப்பமிட்டவர்களில் இரும்பு வேலையும் மின்னியல் வேலையும் செய்வோர் உள்ளனர். அவர்கள் பார்த்ததை அப்படியே எழுதுகிறோம். கதவின் அடிச்சக்கரம் இரண்டில் ஒன்றின் பேரிங் கடல் காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டது. குப்பை லாரியும் சிற்றுண்டிச்சாலைச் சரக்கு லாரியும் ஏறி இறங்கியதில் கதவு ஓடும் தண்டவாளத்தைச் சுற்றிய சிமெண்ட் உடைந்து, ஓரிடத்தில் தண்டவாளம் தாழ்ந்திருக்கிறது. அந்த இடத்தில் சக்கரம் சிக்கும்போது பாதுகாவலர் பலம் கொடுத்துத் தள்ளுகிறார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. கதவை நிமிர்த்திப் பிடிக்கும் மேல் உருளைகள் ஒரே தூணில் உள்ளன. தண்டவாள முனையில் தடுப்பும் இல்லை. வேகமாகத் தள்ளப்பட்ட கதவு உருளையைத் தாண்டினால், அதைப் பிடித்து நிறுத்த வேறெதுவும் கிடையாது. முழு எடையோடும் பக்கவாட்டில் சாயும்.

இதற்குப் பெரிய செலவில்லை. இரு முனையிலும் கனமான கோண இரும்பை வெல்டிங் செய்து தடுப்பு வைக்க வேண்டும். இரண்டாவது உருளைத் தூண் ஒன்றை நட வேண்டும். சக்கரங்களை ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு ஒரு பக்கம் தாழ்ந்து மீண்டும் சிக்கும். தாழ்ந்த தண்டவாளத்தைப் பெயர்த்து மட்டம் பார்த்துப் பதிக்க வேண்டும். சாயம் மட்டும் அடித்துவிட்டுப் போகும் பராமரிப்பு வேண்டாம்.

கிரில் விஷயம் சுருக்கமானது. பிள்ளைகள் உள்ளே இருக்கும் நேரத்தில் எந்தக் கிரிலிலும் பூட்டுத் தொங்கக் கூடாது. தீ ஏற்பட்டால் சாவியைத் தேட நேரமிருக்காது. இதற்கு நிதியே தேவையில்லை, தங்கள் உத்தரவு ஒன்று போதும்.

கேமராவுக்கு வாக்களிக்க நாங்கள் தயார். ஆனால் எதற்கு வாக்களிக்கிறோம் என்பது தெரிய வேண்டும். பெற்றோருக்குக் காட்டப்பட்ட விலைப்பட்டியலில் 8 கேமராவும் பதிவைச் சேமிக்கும் 4 டெராபைட் வட்டும் உள்ளன. 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் இடைவிடாது பதிவு செய்தால் நாளுக்கு 21.6 கிகாபைட் ஆகும். எட்டுக்கும் சேர்த்து 4 டெராபைட் 23 நாளில் நிரம்பி, பழைய பதிவு அழியத் தொடங்கும். பகடிவதைப் புகார்கள் பல வேளைகளில் தாமதமாகத்தான் வெளிவருகின்றன. 30 நாள் பதிவுக்கே 5.2 டெராபைட் வேண்டும். ஆகவே 6 டெராபைட்டுக்குக் குறையக் கூடாது. பதிவுக்கருவியைப் பாதுகாவலர் அறையில் வைக்காமல், அலுவலகத்தில் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செம்புக் கம்பி இழுத்தால் நம் ஊர் இடி மின்னலில் கருவிகள் கருகக்கூடும். அங்கே மின்சாரம் கடத்தாத ஃபைபர் கேபிள்தான் சரி. காலை வெயிலை நேராகப் பார்க்கும் நுழைவாயில் கேமராவுக்கு எதிரொளியைச் சமாளிக்கும் வசதி இல்லையென்றால் முகங்கள் கருநிழலாகவே பதியும். இரவில் அதன் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். கண்ணாடியில் வலை படிந்துவிடும். மாதம் ஒருமுறை துடைக்கும் பொறுப்பு யாருடையது என்று தீர்மானத்திலேயே எழுதியாக வேண்டும்.

ஆகவே, பொதுக்கூட்டத்துக்கு முன்பே பொதுப்பணி இலாகாவின் தொழில்நுட்ப அதிகாரியை அனுப்பிக் கதவைச் சோதிக்கவும், அதன் பழுதுபார்ப்பைப் பராமரிப்பு ஒதுக்கீட்டில் சேர்க்கவும், கேமராவுக்குத் தனித் தீர்மானம் கொண்டுவரப் பள்ளிக்கு அறிவுறுத்தவும் கேட்டுக்கொள்கிறோம். வேலை முடியும் வரை பிள்ளைகள் பக்கத்துச் சிறு கதவைப் பயன்படுத்தவும், இழுவைக் கதவைத் திறந்ததும் தூணோடு சங்கிலியால் கட்டிவைக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம்.

கதவின் அளவுகளும் புகைப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. அதிகாரி வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், இரும்பு வேலை அறிந்த பெற்றோர் இருவர் உடனிருந்து பழுதுகளைக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
கையொப்பமிட்ட பெற்றோர்கள்

நகல்: தலைமையாசிரியர், மாவட்டக் கல்வி அதிகாரி