மோட்டார் 15 ஆண்டு ஓடும், செயலி?

ஆசிரியருக்கு வணக்கம்.

'ஸ்மார்ட்' பம்ப்செட் பற்றிய தங்கள் கட்டுரையில், கோவையின் சிறு உற்பத்தியாளர்கள் புதுமைக்குத் தயங்குகிறார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. கணபதியில் பம்ப்செட் பட்டறை நடத்துகிறவனால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

போன் செய்தால் மோட்டாரை ஓடவிடும் ஸ்டார்ட்டர் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் எப்போதோ பழகிவிட்டது. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் விவசாயி படுத்த இடத்திலிருந்தே தண்ணீர் பாய்ச்சுகிறார். இடிப்பது கணக்குதான். மோட்டாரை ஒரு தடவை விற்கிறோம், ஒரு தடவை பணம் வாங்குகிறோம். கைபேசிச் செயலியைச் (ஆப்) சேர்த்துவிட்டால் சர்வர் வாடகை, அதைப் புதுப்பிக்கும் ஆள் கூலி என்று மாதாமாதம் செலவு. மின்சாரத்துக்கே காசு கட்டாத விவசாயியிடம் மோட்டாருக்குச் சந்தா கேட்டால் என்ன பதில் வரும் என்று கட்டுரையாளரே விசாரித்துப் பார்க்கட்டும்.

நல்ல நீர்மூழ்கி மோட்டார், எரிந்துபோன 'காயில்' எனும் கம்பிச்சுருளைத் திரும்பத் திரும்பக் கட்டி 15 ஆண்டுகூட ஓடும். ஸ்டார்ட்டருக்குள் இருப்பதோ பெரும்பாலும் 2ஜி மோடம், அதாவது பழைய தலைமுறை கைபேசி சிக்னலை மட்டும் பிடிக்கும் கருவி. 2016-இல் வந்த ஜியோவில் 2ஜி கிடையாது. அந்த சிம்மைப் போட்டுவிட்டு 'மோட்டார் எடுக்கவில்லை' என்று புகார் சொல்வார்கள். மெக்கானிக் போய்ப் பார்த்தால் மோட்டாரில் ஒரு குறையும் இராது. பெட்டிக்குள் சிக்னல் கிடைக்காமல் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒயரைக் கழற்றி நேரடியாக இணைத்துவிட்டு வந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பயிர் காய்கிறதே! ஆனால் கிணறு வற்றினால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பும் அதோடு போய்விடும். பிறகு காயில் எரியும். வாரண்டி அட்டையோடு எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

பெரிய இடத்திலும் இதுதான் கதை. கூகுள் குழுமத்தைச் சேர்ந்த நெஸ்ட், வீட்டு விளக்கு முதலியவற்றைக் கைபேசியில் இயக்கும் ரிவால்வ் சேவையை 2016-இல் நிறுத்தியதும், சுமார் 300 டாலருக்கு விற்ற வீட்டுச் சாதனம் வெறும் டப்பாவானது. அவர்களுக்குத் தாங்கும்.

வேளாண்மைப் பொறியியல் துறை கைபேசி ஸ்டார்ட்டருக்கு மானியம் தருவது நல்ல காரியம். அதில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: செயலி எத்தனை ஆண்டு இயங்கும் என்பதை வாரண்டி அட்டையில் அச்சிட வேண்டும், சிக்னலே இல்லாவிட்டாலும் பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓட வேண்டும், பாதுகாப்பும் வேலை செய்ய வேண்டும்.

— பம்ப்செட் உற்பத்தியாளர், கணபதி, கோவை