ஸ்டியரிங் பெட்டியைக் கடைசியில் பார்

கல்லல்

அன்புள்ள ஆத்தா,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை. டிராக்டர் டாப் கியரில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் முன் சக்கரம் இரண்டும் உதறுகிறது, வயலில் இறக்கினால் ஒன்றும் தெரியவில்லை என்றாய். ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பல்சக்கரப் பெட்டி இருக்கிறதே, அந்த ஸ்டியரிங் பெட்டியையே மெக்கானிக் மாற்றச் சொல்கிறார் என்றும் சொன்னாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன். வண்டிக்குப் பக்கத்தில் இதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்.

பெட்டிக்கு இப்போதே பணம் கொடுத்துவிடாதே. பெட்டி தேய்ந்தால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பியும் சக்கரம் திரும்பாது, வண்டி ரோட்டில் இப்படியும் அப்படியும் அலையும். ஆனால் வேகத்தில் கிளம்புகிற உதறல் பெரும்பாலும் சக்கரத்துப் பக்கம் இருந்துதான் வரும். வயலில் வேகம் குறைவு, மண்ணும் டயரைப் பிடித்துக்கொள்கிறது. தார் ரோட்டில் அந்தப் பிடிப்பு இல்லை. எங்கே தளர்ச்சி இருக்கிறதோ அதற்குள் சக்கரம் ஆட ஆரம்பிக்கும். அது ஒரே இடத்துத் தளர்ச்சியாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் இருந்தாலும் கூடி வந்து உதறும்.

முதலில் டயர். இரண்டிலும் காற்று ஒரே அளவா, வீல் நட் எல்லாம் இறுக்கமா, ரிம் வளைந்திருக்கிறதா. இது பத்து நிமிஷ வேலை.

அப்புறம் வண்டியைத் தரையில் நிறுத்தியபடியே, எஞ்சினை அணைத்துவிட்டு, உன் கொழுந்தனாரை சீட்டில் உட்காரச் சொல். ஸ்டியரிங்கை அவர் இடதும் வலதுமாக லேசாக அசைக்கட்டும். நீ கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்துக்கொண்டே வா. பெட்டியிலிருந்து வரும் கை, அதிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பி, இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற டை ராடு, அதன் முனைகளில் கிண்ணத்துக்குள் குமிழ் திரும்புகிற பால் ஜாயிண்ட். ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் தாமதமாக அசைகிற இடம் எதுவோ அதுதான் தேய்ந்த இடம். மூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாத தட்டலும் தெரியும். விரலை மட்டும் சந்துக்குள் விட்டுவிடாதே.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம், இதைத்தான் பலர் செய்வதில்லை. பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கு. தூக்கியதும் கனமான கட்டையை அடியில் கொடு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையோ தலையோ கீழே விடக் கூடாது. இப்போது சக்கரத்தின் உச்சியை ஒரு கையாலும் அடியை மறு கையாலும் பிடித்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டு. ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்காக இருக்கும், இல்லையென்றால் சக்கரம் இடமும் வலமும் திரும்புகிற அச்சான கிங் பின்னின் உறை, அதாவது புஷ்ஷாக இருக்கும். காரில் பிரேக்கை மிதித்துப் பிடித்தே இதைப் பிரித்துச் சொல்லிவிடலாம். நம் டிராக்டருக்கு முன் சக்கரத்தில் பிரேக் கிடையாது. அதனால் கொழுந்தனார் ஆட்டும்போது நீ சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார். சக்கரத்தின் நடுக்குடமான ஹப் மட்டும் ஆடி, அதைத் தாங்குகிற தண்டு அசையாமல் நின்றால் பேரிங். தண்டும் சேர்ந்து ஆடினால் கிங் பின்.

பேரிங் என்றால் செலவு குறைவு. ஹப்பின் தொப்பியைக் கழற்றி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை லேசாகக் கனக்கும்வரை இறுக்கி, ஒரு பல் அளவு தளர்த்தி, நட்டு கழலாமல் பிடிக்கிற காட்டர் பின்னைப் புதிதாகப் போட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடாதே. சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கையே மாற்றிவிடு.

என் மனசுக்குக் கிங் பின்தான் என்று படுகிறது. இந்தப் போகத்தில் நிறையத் தொளி உழவு ஓட்டியிருக்கிறீர்கள். சேற்றுத் தண்ணீர் புஷ்ஷுக்குள் போய்விட்டால் அதில் உள்ள மணலே பின்னை அராவிவிடும். புஷ்ஷை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பார்கள். கிங் பின்னே ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் புதுப் புஷ்ஷும் சீக்கிரம் போய்விடும், இரண்டையும் சேர்த்தே மாற்று. புஷ்ஷை அடித்து ஏற்றியதும் கிங் பின்னுக்குச் சரியாகத் துளையைக் கடைய ரீமர் போட வேண்டும். அங்கே நல்ல லேத் பட்டறை இல்லையென்றால் கழற்றி பஸ்ஸில் காரைக்குடிக்கு அனுப்பிவிடு, நான் கூடவே நின்று செய்து வாங்குகிறேன்.

ஜாக்கியில் நிற்கும்போதே சக்கரத்தை முன்னும் பின்னுமாக, ஸ்டியரிங் திருப்புகிற மாதிரி ஆட்டிப் பார். அந்த ஆட்டம் பால் ஜாயிண்டைக் காட்டும். கடப்பாரையை ஆக்சிலுக்கும் முன் தாங்கிக்கும் நடுவே கொடுத்து நெம்பினால், அவை இரண்டையும் கோத்திருக்கிற நடு பின்னின் தேய்மானமும் தெரிந்துவிடும். அது தேய்ந்தால் ஆக்சிலே முன்னும் பின்னும் நகரும்.

எல்லாம் இறுக்கமான பிறகுதான் சக்கரத்தின் நேர் பார்ப்பது. ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டு டயரின் முன் பக்க நடுவிலும் ஹப் உயரத்தில் சாக்பீஸில் கோடு போட்டு இடைவெளியை அள. அப்புறம் அதே கோடுகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை முன்னே நகர்த்தி மறுபடி அள. ஒரே கோட்டில் அளப்பதால் ரிம் கொஞ்சம் வளைந்திருந்தாலும் கணக்குக் கெடாது. முன் அளவு பின் அளவைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை சொல்வார்கள். உன் வண்டியின் புத்தகம் பீரோவில் இருக்கும், அதில் உள்ள அளவையே வை. முன்பக்கம் விரிந்திருந்தால் எத்தனை புதுச் சாமான் போட்டாலும் உதறல் திரும்ப வரும்.

இத்தனையும் சரியாக இருந்தும் ஸ்டியரிங் சும்மா சுற்றினால் அப்போது பெட்டியைத் திறக்கலாம். அதன் மேலே ஒரு ஸ்க்ரூ இருக்கும். ஆட்டத்தை மறைக்க அதை இறுக்கிவிடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதிகம் இறுக்கினால் நேராக ஓட்டும்போது ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளும், உள்ளே இருப்பதும் தேய்ந்துபோகும். உன்னைக் கேட்காமல் யாரையும் அதைத் தொட விடாதே.

வேலை முடிந்தபின் ஒவ்வொரு தொளி உழவுக்கும் அப்புறம் வண்டியைக் கழுவி, முன்பக்கத்தைத் தூக்கி வைத்து கிரீஸ் அடிக்கச் சொல். பாரம் இறங்கினால்தான் கிங் பின்னுக்குள் கிரீஸ் முழுசாகப் போகும். பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே வழிந்து புதுசு தெரியும்வரை அடிக்க வேண்டும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன் ஆத்தா. பால் ஜாயிண்ட் குமிழ் கிண்ணத்தில் லொடலொடவென்று ஆடினால் அதை மாற்றும்வரை வண்டி ரோட்டுக்கு வரவே கூடாது. அது கழன்றால் சக்கரம் தன் போக்கில் திரும்பிவிடும், எவ்வளவு பலமாகப் பிடித்தாலும் நிறுத்த முடியாது. வேறு எதில் ஆட்டம் என்றாலும் சரிசெய்யும்வரை டிரெய்லர் மாட்டாதே, நடவு ஆட்களை ஏற்றாதே. அறந்தாங்கி ரோட்டில் லாரி ஓட்டம் அதிகம். மாப்பிள்ளையிடம் நானே பேசிக்கொள்கிறேன், வேலை நாலு நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

ஜாக்கியில் தூக்கிப் பார்த்ததும் எது ஆடியது என்று எனக்குப் போன் போடு.

அப்பா