குறி கேட்டு ஒரு கடிதம்

முள்ளியவளை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

நாங்கள் சுகம். நீயும் பிள்ளைகளும் அப்படியே என்று நம்புகிறேன். விடியப்புறம் பூப்படம் அனுப்புவதைக் கடிதக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்று தைப்பொங்கலுக்கே திட்டிவிட்டாய். சரி, பிழை என்னுடையதுதான். இது போனில் தட்டி முடிகிற கதையும் இல்லை. தாளில் எழுதி, மகளைக் கொண்டு படம் பிடித்து அனுப்புகிறேன்.

நான் மாடு செய்கிறேன். சிரிக்காதே.

மாரியில் கடல் அடி என்று போட் வேலை ஒன்றும் பட்டறைக்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்துச் சந்தியில் ஒரு சின்னப் பூங்கா வருகிறது, வாசலில் வைக்கப் பைபரில் ஒரு மிருகம் செய்து வர்ணம் அடித்துத் தா என்று கேட்டு வந்தார்கள். யார் என்பதை விடு. முதலில் கேட்டது யானை. போன போகம் அத்தானின் வயலில் யானை புகுந்து மிச்சம் வைத்தது வரப்பை மட்டும்தான். "உனக்குக் காசும் தந்து ஆனையைக் கூப்பிடுறாங்களோ?" என்று மனுசன் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அப்போதுதான் உன் படம் ஞாபகம் வந்தது.

1998 இல் சூரிச்சில் நீல மாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீ எடுத்த படம். மல்லாவிக்கு வந்து சேர ஐந்து மாதம். உன் அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உவன் அங்கையும் மாடுதான் மேய்க்கிறானோ?" என்று கேட்டதும், நெடுவல் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைக் கொட்டியதும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தப் படம் 2009 சண்டையில் மற்றதெல்லாவற்றோடும் போய்விட்டது.

பக்கத்தில் நின்று படம் எடுத்தாயே தவிர, அது என்ன மாடு என்று ஒரு வார்த்தை விசாரித்தாயா? நாங்கள் ஏதோ பால் கம்பனி விளம்பரம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தோம். இப்போது தேடிப் படித்தேன். வால்ட்டர் நாப் என்பவரின் யோசனையாம். மகன் பாஸ்கல் நாப் நின்ற மாடு, மேய்கிற மாடு, படுத்த மாடு என்று மூன்று வார்ப்புச் செய்து கொடுக்க, ஆளாளுக்கு வர்ணம் அடித்து 800 அளவில் ஊர் முழுக்க நிறுத்தியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பீட்டர் ஹானிக் என்ற செருப்புக் கடைக்காரர் அடுத்த வருடமே சிகாகோவுக்குக் கொண்டுபோக, அங்கே 300 இற்கு மேல். கடைசியில் ஏலம் விட்டுத் தருமத்துக்குக் கொடுத்த காசு 30 இலட்சம் டொலருக்கு மேல்! 2000 இல் ரொறன்ரோ மூஸ் என்கிற பெரிய மானைச் செய்தது. அங்கே கொம்பைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். நம்மவர் யாரும் இல்லை என்று நம்புவோம்.

கண்ணாடி நார் மட், ரெசின் பசை எல்லாம் போட்டுக்குப் போடுகிற அதே சாமான்தான். ஆனால் போட்டுக்குக் காது இல்லையே மச்சான். அந்த வளைவில் மட் படியாது, ரோலர் போகாது, காற்றுக் குமிழி உள்ளே நிற்கும். வெயிலுக்கு, ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னர் ஒரு துளி கூடினால் வாளியிலேயே கல். உங்கள் சுவிஸ் மாட்டுக்குத் திமிலும் இல்லை. நான் திமில் வைத்து, அலைதாடி தொங்கவிட்டு, படுத்த மாடாகச் செய்தேன்.

காய்வதற்கு வீதியோரம் விட்ட இரவு மாங்குளம் பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்த அடியில் ஊரே எழும்பிவிட்டது. கட்டாக்காலி மாடு என்று நினைத்துவிட்டான். கொண்டக்டர் இறங்கிக் கம்பால் தட்டிய பிறகுதான் தெரிந்தது.

இனித்தான் விசயம். அடுத்த நாள் ஒரு அம்மா வந்தார், முன்பு பெரிய மாட்டுப் பட்டி வைத்திருந்தவர். ஒன்றும் பேசாமல் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "மாசியில அவிட்டு விட்டனான் தம்பி. கயிறு எங்கையும் கொழுவிப்போடும் எண்டு கழுத்துக் கயிறையும் அறுத்துவிட்டனான்" என்றார். சண்டை முடிந்து திரும்பி வந்து காடெல்லாம் மாடுகளின் தொடை தொடையாகச் சூட்டுக்குறி பார்த்துத் திரிந்தாராம், ஒன்றும் அகப்படவில்லை. தொடையில் தன் குறியைக் கீறிவிடச் சொல்லிக் கேட்டார். ஒரு வேல், பக்கத்தில் 'க'.

கீறினேன். அதோடு முடியும் என்று நினைத்தது என் விசர். இரண்டு கிழமையில் முப்பத்தொரு பேர் வந்துவிட்டார்கள். சிலர் குறியை மண்ணில் கீறிக் காட்டுகிறார்கள். தகப்பனின் குறி மறந்துபோய் அண்ணன் தம்பி பட்டறை வாசலில் சண்டை பிடித்ததும் நடந்தது. இப்போது மாட்டின் உடம்பு முழுக்கக் குறி. பூங்காவுக்குச் செய்யச் சொன்னவர்களுக்குப் பிடிக்கவில்லை. தாமரையும் கிளியும்தான் வேண்டுமாம், வயிற்றில் பெரிதாக உபயகாரர் பெயரும். நான் முற்காசைத் திருப்பிக் கொடுக்கத் தயார் என்று சொல்லிவிட்டேன். (ரெசின் விலை தெரிந்த மனைவி முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.) அவர்கள் எடுக்காவிட்டால் பட்டறை வாசலிலேயே கிடக்கட்டும்.

வலது பின்தொடையில் ஒரு சாண் இடம் விட்டிருக்கிறேன். உன் அப்புவின் குறி சூலமா, பிறையா? எத்தனை நாள் அந்த மாடுகளை நாங்கள் இரண்டு பேரும் சாய்த்திருப்போம், எனக்கு வரவே இல்லை. நெடுவல் சூலம் என்று சத்தியம் பண்ணுகிறான், அவன் சத்தியத்தை நாங்கள் எப்போது நம்பினோம்?

வெள்ளிக்கிழமை மேல்பூச்சு அடிக்கிறேன். பிறகு ஒன்றும் கீற முடியாது. அதற்குள் ஒரு கடுதாசியில் கீறிப் படம் பிடித்து அனுப்பு. எழுத்து இருந்ததென்றால் எந்தப் பக்கம் என்றும் சொல்லு.

உன்
கட்டையன்