என்ஜினைக் கடைசியில் வாங்கு

தாராவி, மும்பை
நாரளி பௌர்ணமி கழிந்த ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் ஆனி மாதமே வந்துவிட்டது. பதில் போடாததற்கு ஒரே சாக்கு, இரண்டு மாதமாக என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. எபாக்ஸி, படகு மரத்தை ஒட்டுகிற பசை. இடது கட்டைவிரல் நகத்தடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நான் சோறு பிசைவதைப் பார்த்தால் உன் தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

உன் வள்ளத்துக்கு 60 எச்.பி. என்ஜின் போட்டே தீருவேன் என்று உன் மகன், என் மருமகன், நிற்பதாக எழுதியிருந்தாய். நேராக வேண்டாம் என்றால் என்னைக் கிழவன் என்பான். அதனால் இங்கே நடந்ததை எழுதுகிறேன். அவனிடம் வாசித்துக் காட்டு.

மாஹிம் கோலிவாடாவில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு என்று முன்பே சொல்லியிருக்கிறேன், நான் பாவ் (மராத்தியில் அண்ணன்) என்று கூப்பிடுகிற கோலிக்காரர், இங்கத்திய மீனவர். அவருடைய படகு 28 அடி, மரப்படகு. புழு அரிக்கக் கூடாது என்று அவர் அப்பா காலத்துக்குப் பிறகு மேலே ஃபைபர் போர்த்தியிருந்தார்கள். உள்ளே இரண்டு சிலிண்டர் பழைய டீசல். அந்த என்ஜினின் சத்தத்தை வைத்தே பாவ் வீட்டில் உலை வைப்பார்களாம். போன வருஷம் ஆயில் பார்க்கும் குச்சியை உருவினேன், ஆயில் பால் காபி நிறத்தில் வந்தது. உப்புத்தண்ணீர் உள்ளே போய்விட்டது. கம்ப்ரஷனும் இல்லை. சரி, புதிது போட்டுவிடலாம், பத்து நாள் வேலை என்று நான்தான் வாய் கொடுத்தேன். பம்பும் ஜெனரேட்டரும் பிரித்துப் பிரித்து நாற்பது வருஷம் போன திமிர்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம் எப்போது தெரியுமா? உங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, படகு வேலைக்கென்றே அடிக்கிற வெயில். இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதே 61 நாள்தான், ஆனால் 61 நாளும் மழை. படகு சும்மா கிடக்கிற காலத்தில் ஃபைபரை ஒட்டுகிற ரெசின் காயாது, ரெசின் காய்கிற காலத்தில் படகு கடலில் இருக்கும். கோலிவாடாவில் பாதிப் படகுகளின் ஒட்டுவேலை உரிந்து தொங்குவதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கரையேற்றுவது மட்டும் இங்கே சுகம். நம்மூரில் ஓதம் ஏறி இறங்குவது மூன்றடிகூடத் தேறாது, பத்துப் பேர் தோள் கொடுத்து இழுக்கிறோம். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கரை மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏறும், அதுவும் நடுப்பகலை ஒட்டி. ஏற்றத்தில் படகை மேட்டுக்குக் கொண்டுவந்து கயிறு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் படகு சேற்றில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அடியில் முட்டுக் கொடுப்பது மட்டும்தான் நம் வேலை.

பழைய என்ஜினைத் தூக்கிய அன்றைக்குத்தான் வயிற்றில் புளி கரைத்தது. என்ஜின் உட்காரும் இரண்டு கட்டைகளில் போல்ட்டைத் திருகினால் அது கழலாமல் அப்படியே சுற்றுகிறது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் இறங்கியது, அல்வாவில் இறங்குவதுபோல. ஏராவை, அதாவது படகின் அடிமுதுகுக் கட்டையை ஒட்டி இரண்டு வங்குகளும் (விலா மரங்கள்) அதே கதி. வெளியே ஃபைபர் பளபளவென்று இருக்கிறது, உள்ளே மரம் மக்கிப்போயிருக்கிறது.

மாப்பிள்ளை, மரத்தை மக்க வைப்பது கடல் இல்லை. உப்புத்தண்ணீர் ஒருவகையில் மரத்துக்குக் காவல்தான், புழு ஒன்றைத் தவிர. மக்க வைப்பது மழைத்தண்ணீர். மேல்தளத்து இடுக்கில் சொட்டுச்சொட்டாக இறங்கி, ஃபைபருக்கும் பலகைக்கும் நடுவில் தங்கி, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே புழுங்குகிறது. புழுவுக்குப் பயந்து போட்ட சட்டை வியர்வையை உள்ளேயே வைத்துக்கொண்டது.

அப்புறம் என்ன, பத்து நாள் வேலை இரண்டு மாதமானது. தார்ப்பாய்க் கூரை போட்டோம். மக்கிய இடமெல்லாம் ஃபைபரை உரித்தோம். மஞ்சள் ஹாலஜன் விளக்கு இரண்டை உள்ளே தொங்கவிட்டு மூன்று வாரம் மரத்தை உலர்த்தினோம். வெளியே மழை, உள்ளே குஞ்சு பொரிக்கிற சூடு. கரண்ட் பில்லைப் பற்றி பாவ் இதுவரை வாய் திறக்கவில்லை. கட்டைகள் இரண்டையும் பழைய தேக்கில் புதிதாகச் செதுக்கி, வங்குகளோடு சேர்த்து நீளமாக ஓடவிட்டு எபாக்ஸியில் ஒட்டினோம். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் மலிவுதான், ஈர மரத்தில் அது நிற்காது. இந்த ஒரு இடத்தில் காசு பார்க்காதே.

புது என்ஜின் 24 எச்.பி., அவ்வளவுதான். பாவுடைய பையனும் உன் மகனைப் போலத்தான், 60 வேண்டும் என்றான். மணலில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். தண்ணீரைத் தொடும் நீளம் 25 அடி. அதன் வர்க்கமூலம் 5. அதை 1.34ஆல் பெருக்கினால் 6.7 நாட். இந்த மாதிரி வயிறு பெருத்த படகு அந்த வேகத்தைத் தொட்டதும் தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேல் எத்தனை குதிரையைப் பூட்டினாலும் பின்பக்கத்து அமரம் தாழும், முன்பக்கத்து அணியம் வானத்தைப் பார்க்கும், டீசல் கரையும், வேகம் மட்டும் கூடாது. இந்த என்ஜின் முழு வீச்சில் ஓடினால் மணிக்கு 5 லிட்டர் அளவில் குடிக்கிறது. ஒரு நாட் குறைத்துக்கொண்டால் ஏறக்குறைய பாதிதான். பையன் கேட்டுவிட்டு, "அப்படியானால் அந்த ஸ்பீட் போட் மட்டும் எப்படிப் பறக்கிறது?" என்றான். நல்ல கேள்வி. அதன் அடி தட்டை, எடை குறைவு, தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கிப் போகும். நம் வள்ளம் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிற சாதி. அதை எழுப்ப நினைப்பது எருமையைத் தாண்டச் சொல்வதுபோல.

இனி நான் மூக்கறுபட்ட கதை. பழைய புரொப்பெல்லர் வெண்கலம், நன்றாகத்தான் இருந்தது, அதையே மாட்டினேன். தண்ணீரில் இறக்கி, பாதி கோலிவாடா வேடிக்கை பார்க்க, முன் கியர் போட்டேன். படகு பின்னால் போனது. பழைய கியர்பாக்ஸ் சுற்றுகிற திசை வேறு, புதியது வேறு, புரொப்பெல்லர் இடச்சுற்று. கரையில் சிரித்த சிரிப்பு பாந்த்ரா வரைக்கும் கேட்டிருக்கும். "ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போங்கள் அண்ணா" என்று ஒருவன் யோசனை வேறு சொன்னான். ரிவர்ஸ் கியர் கரை அணைகிற நேரத்துக்கு மட்டும், நாள் முழுக்கச் சுமை தாங்காது. மறுநாள் தாருகானாவில் தேடி ஒரு வலச்சுற்று வாங்கினேன். கப்பல் உடைத்த இரும்பும் பித்தளையும் மலைமலையாகக் குவிந்து கிடக்கிற இடம் அது. நீ மும்பை வந்தால் கேட்வே எல்லாம் அப்புறம், முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

அதுவும் ஒரேயடியாகச் சரியாகவில்லை. நிமிஷத்துக்கு 2600 சுற்று போகவேண்டிய என்ஜின் 2250இல் திணறிக் கரும்புகை கக்கியது. பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் முன்னேறும் தூரம், அதிகம். ஒரு இஞ்ச் குறைத்தால் 150, 200 சுற்று ஏறும் என்பது பொதுக்கணக்கு. பட்டறையில் கொடுத்து இரண்டு இஞ்ச் குறைத்தேன். இப்போது ஐஸும் வலையும் ஆளும் ஏற்றி முழு வீச்சில் விட்டால் 2600ஐத் தொடுகிறது. சுமையில்லாமல் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்பவனை நம்பாதே.

இன்னொன்று. ஷாஃப்டும் கியர்பாக்ஸும் சேர்கிற கப்ளிங்கைக் கரையிலேயே நேர் பார்த்து முடித்துவிட்டேன் என்று மெக்கானிக் சொன்னால் பாதிக் காசை மட்டும் கொடு. முட்டில் நிற்கும் படகு வேறு வடிவம், மிதக்கும் படகு வேறு வடிவம். நான் கரையில் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தபோது சுற்றிலும் நாலு தவுதான் (இஞ்சில் ஆயிரத்தில் நாலு பங்கு) வித்தியாசம், நாலு இஞ்ச் கப்ளிங்குக்கு அது போதும். ஒரு ராத்திரி மிதந்த பிறகு பார்த்தால் பதினொன்று. மறுபடி என்ஜின் காலுக்கடியில் தகடு வைத்துச் சரிசெய்தேன்.

குளிர்விக்கக் கடல்தண்ணீரை உள்ளே இழுக்கவில்லை. மித்தி ஆறு கொண்டுவந்து கொட்டுகிற சேறும் பிளாஸ்டிக் பையும் ஒரு வாரத்தில் பம்பைக் கொன்றுவிடும். அடியில் ஏராவை ஒட்டிக் குழாய் ஓடவிட்டு, நல்ல தண்ணீரை அதற்குள்ளேயே சுற்றவிட்டிருக்கிறோம். உங்கள் தண்ணீர் தெளிவு, உனக்கு இது தேவைப்படாது. என்ஜின் நம்பரைப் பதிவுப் புத்தகத்தில் மாற்ற மட்டும் மறக்காதே. நாங்கள் மறந்தோம். டீசல் சலுகைக்கான காகிதம் அங்கே இங்கே என்று இன்னும் அலைகிறது.

நாரளி பௌர்ணமித் திருநாளில் கடலில் தேங்காய் விட்டுவிட்டு மறுநாள் விடியுமுன் பாவ் கிளம்பினார். நானும் போகவேண்டும் என்றுதான் ஆசை, உன் தங்கச்சி விடவில்லை. சாயங்காலம் ஒரு கூடை பொம்பில் மீன் வந்தது, ரவையில் புரட்டிப் பொரித்தோம். புது என்ஜினின் சத்தம் அடையாளம் தெரியாமல் பாவ் வீட்டில் அன்றைக்கு உலை வைக்கத் தாமதமாம்.

இங்கே மற்றபடி விசேஷம் இல்லை. வீட்டுக் கதவில் சர்வே நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கே மாற்றுவார்கள், எப்போது என்று தெருவில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், அதைத் தனியாக எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

தண்ணீர் மட்டத்தில் வள்ளத்தின் நீளம், ஷாஃப்டின் தடிமன், இப்போதைய புரொப்பெல்லரில் வெட்டியிருக்கும் எண்கள், மூன்றையும் எழுதி அனுப்பு. என்ஜின் கட்டையை நீ குத்திப் பார்க்காதே. ஸ்க்ரூடிரைவரை மருமகன் கையில் கொடு.

அன்புடன்,
உன் தாராவிக்காரன்