‘வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கு’ என்ற அந்த ஒரு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்கள் கல்லூரிச் சேர்க்கைச் சிறப்பிதழைப் படித்தேன். பக்கம் பக்கமாக ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் என்று எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் ‘வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜ் இருக்கவே இருக்கிறது’ என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். கம்யூனிட்டி காலேஜ் என்பது அமெரிக்காவில் இரண்டாண்டுப் படிப்பு தருகிற உள்ளூர் அரசுக் கல்லூரி. ஒஹாயோவில் அப்படி ஒரு காலேஜில்தான் நான் பல வருடங்களாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னைப் பற்றி எழுதியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன், என் மாணவர்களைப் பற்றியல்லவா எழுதிவிட்டீர்கள்.

ராத்திரி முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டுக் காலையில் நேராகக் கால்குலஸ் வகுப்புக்கு வருகிற பையன் இருக்கிறான். குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, நர்சிங்கில் சேர்வதற்காக அல்ஜீப்ரா போடுகிற அம்மா இருக்கிறார். இவர்கள் யாரும் போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள் இல்லை, செலவைப் பார்த்து யோசித்து வந்தவர்கள். 2024-25இல் கம்யூனிட்டி காலேஜின் சராசரிக் கல்விக் கட்டணம் வருடத்துக்குச் சுமார் 4,000 டாலர், தனியார் நான்காண்டுக் கல்லூரியில் 43,000 டாலருக்கும் மேல். நாட்டின் மாணவர் கடன் 1.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது, திவாலானாலும் அந்தக் கடன் லேசில் ரத்தாகாது என்பதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. பிறகு ஏன் அந்த வரி?

சரி, அது போகட்டும். கல்லூரிகள் மூடப்படுவதைப் பற்றித் தங்கள் இதழில் எதையும் படித்ததாக எனக்கு நினைவில்லை. 2024இல் ஃபிலடெல்ஃபியாவின் யுனிவர்சிட்டி ஆஃப் தி ஆர்ட்ஸ் மே 31 அன்று அறிவித்து ஜூன் 7 அன்று மூடியது, பல மாணவர்களுக்குச் செய்தித்தாளைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது. அதே வருடம் நியூயார்க் மாநிலத்தில், 1868இல் தொடங்கிய வெல்ஸ் கல்லூரியும் போய்விட்டது. அமெரிக்காவில் 2007க்குப் பிறகு பிறப்பு குறைந்தது, அந்தக் குழந்தைகளுக்கு இப்போதுதான் பதினெட்டு வயதாகிறது. ஆகவே ஊர்ப்புறத்துச் சின்னத் தனியார் கல்லூரிகளுக்கு இனிமேல்தான் நிஜமான நெருக்கடி. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி படித்துக்கொண்டிருந்த கல்லூரி பாதியில் மூடிவிட்டது. போய்ச் சேர்ந்த புது இடத்தில் அவள் ஏற்கெனவே முடித்த பாடங்களுக்கான மதிப்பலகுகளில், அதாவது கிரெடிட்டில், பெரும்பகுதியை ஏற்கவில்லை, படித்த பாடத்தையே மறுபடி படிக்க மறுபடி கடன் வாங்கினாள். இந்தக் கல்லூரி நான்கு வருடம் தாங்குமா என்று பெற்றோர் கேட்க வேண்டாமா, அதைக் கேட்கச் சொல்லித் தங்களைப் போன்ற இதழ்கள்தானே சொல்ல வேண்டும்? சிறப்பிதழில் நான் பார்த்தது சேர்க்கை ஆலோசகர்களின் விளம்பரங்களைத்தான்.

பகுதிநேர ஆசிரியர்களின் நிலைமை பற்றி முன்பு ஒரு கடிதம் எழுதினேன், அது வெளிவரவில்லை. வகுப்புக்கு இவ்வளவு என்றுதான் எங்களுக்குச் சம்பளம், மருத்துவக் காப்பீடு கிடையாது, ஆள் சேரவில்லை என்று பருவம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வகுப்பையே ரத்து செய்வார்கள். எனக்கே அப்படி நடந்திருக்கிறது. பிள்ளைகள் எங்கே படிக்கலாம் என்று பக்கங்களை ஒதுக்குகிற தங்களுக்கு, அவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதற்குக் கால் பக்கம் கிடைக்காமல் போனது எனக்கு வருத்தம்தான்.

கம்யூனிட்டி காலேஜில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அங்கே தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் நான்காண்டுப் பட்டம் வரை போவதில்லை. வேலை, குடும்பம், மாறும்போது தொலைகிற கிரெடிட், வழிகாட்ட ஆளில்லாமை என்று காரணங்கள் பல. அவற்றை எழுதுங்கள், வரவேற்கிறேன். கூடவே, கலிஃபோர்னியாவின் பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகங்களான பெர்க்லியிலும் யுசிஎல்ஏவிலும் ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கானவர்கள் கம்யூனிட்டி காலேஜிலிருந்து நேராக மூன்றாம் வருடத்தில் சேர்கிறார்கள் என்பதையும், 2015 முதல் டென்னசியில் பள்ளி முடித்தவர்களுக்குக் கம்யூனிட்டி காலேஜில் கல்விக் கட்டணமே இல்லாமல் படிக்க வழியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். நம் வீடுகளில் எத்தனையோ பேர் ‘ஊரில் என்ன சொல்வார்கள்’ என்று பயந்தே பெரிய கடனில் விழுகிறார்கள், தங்கள் வரி அந்தப் பயத்தைத்தான் வளர்க்கிறது.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த சிறப்பிதழின் பட்டியலில் ரேங்க் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் சேருங்கள்: உதவித்தொகை போக மாணவர்கள் சராசரியாக எவ்வளவு கட்டுகிறார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் படிப்பை முடிக்கிறார்கள். அரசின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தளத்தில் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. எடுத்துப் போட ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நானே தொகுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கொலம்பஸ், ஒஹாயோ