பட்லரின் வெற்றி அதிர்ஷ்டமல்ல

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றிய உங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரை, 2010 என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுச் சங்கம்) தொடரில் பட்லர் பல்கலைக்கழக அணி இறுதிப்போட்டி வரை வந்ததை அதிர்ஷ்டம் என்றது வருத்தமளித்தது. முர்ரே ஸ்டேட்டை 54-52, மிச்சிகன் ஸ்டேட்டை 52-50 என்று மயிரிழையில்தான் வென்றார்கள், சரி. ஆனால் இறுதிப்போட்டிக்கு முந்தைய ஐந்து ஆட்டங்களிலும் எந்த எதிரணியையும் 60 புள்ளிகளைத் தொடவிடவில்லையே! இறுதிப்போட்டியில் டியூக் அணியிடம் 61-59 என்று தோற்றபோதும், பட்லர் வீரர் கோர்டன் ஹேவர்ட் நடுக்கோட்டருகிலிருந்து எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் பட்டுத்தான் வெளியேறியது.

பள்ளி அணிக்குப் பயிற்சி தருபவன் நான். கடைசி நிமிடத்திலும் கால் தளராமல் தடுத்தாடுவது மாதக்கணக்கான ஓட்டப் பயிற்சியில்தான் கைகூடுகிறது. இனி இத்தகைய செய்திகளில் ஸ்கோரோடு ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது), ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியும் வாய்ப்பு) விவரங்களையும் வெளியிட வேண்டுகிறேன்.