மீன் கூட்டமா, மீன் கூறா? பேப்பர் திருத்துற தமிழ் டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

டீச்சர்களுக்கும் சார்களுக்கும் வணக்கம்.

போன வாரம் என் பொண்ணோட தமிழ் பேப்பர் வீட்டுக்கு வந்துச்சு. கூட்டப்பெயர் எழுதுற கேள்வி. ஆட்டுக்கு மந்தை, எறும்புக்கு சாரை, சாவிக்கு கொத்து, எல்லாம் டிக். மீனுக்கு மட்டும் 'கூறு'ன்னு எழுதியிருக்கா, அதுமேல செவப்புல பெருசா ஒரு இன்ட்டு, பக்கத்துல 'கூட்டம்'.

முதல்ல எனக்கும் சிரிப்புதான் வந்துச்சு. ஆனா ஞாயித்துக்கிழமையானா என்கூட காசிமேடு மீன் மார்க்கெட்டுக்கு வர்ற பொண்ணுங்க அது, நெத்திலியையும் காரப்பொடி மீனையும் குமிச்சு குமிச்சு வச்சு கூறு இவ்ளோன்னு கூவுறதைக் கேட்டே வளர்ந்தவ, தராசே கிடையாது, கண்ணுதான் அளவு. கடலுக்குள்ள இருக்குற மீன் கூட்டம், கரைக்கு வந்தா கூறு. இதுல என்ன தப்பு?

நெல்லையே எடுத்துக்கோங்க. நாத்தங்கால்ல பிடுங்கிக் கட்டினா முடி. அறுத்து வயல்ல போட்டா அரி, அதைச் சேர்த்துக் கட்டினா கட்டு, அடிச்சு குமிச்ச நெல் அம்பாரம், மிச்ச வைக்கோல் போர். ஒரே பயிருக்கு இத்தனை பேரு, ஏன்னா ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு கை அதைத் தொடுது, அந்தக் கைக்கு அப்போ ஒரு பேரு தேவைப்படுது. 'நெல்' போட்டு கோடிட்ட இடத்தை நிரப்புகன்னா எதைத்தான் நிரப்புறது?

இங்கிலீஷ்காரங்களும் மீனுக்கு ஒரே சொல்லோட நிக்கல. சும்மா சேர்ந்து திரிஞ்சா ஷோல், எல்லாம் ஒரே திசையில ஒரே வேகத்துல திரும்பித் திரும்பி நீந்தினா ஸ்கூல்னு மீன் ஆராய்ச்சி பண்றவங்க பிரிக்கிறாங்க. (அந்த ஸ்கூலுக்கும் நம்ம பள்ளிக்கூடத்துக்கும் சம்பந்தமே இல்ல, அது கூட்டம்னு அர்த்தம் வர்ற பழைய டச்சு சொல்.) காக்காக் கூட்டத்துக்கு மர்டர்னு ஒண்ணு இருக்குன்னு பசங்க பெருமையா சொல்லுவாங்களே, அது 1486ல அச்சான ஒரு வேட்டைப் புத்தகத்துப் பட்டியல்ல இருக்கு, பெரிய மனுஷங்க வேட்டைக்குப் போறப்ப பேசுற பகட்டுப் பேச்சு. நம்ம கூறு அப்படியில்ல, இன்னிக்கு காலையில கூட யாரோ சொல்லி வித்த சொல்.

இன்னொரு வயித்தெரிச்சல். மதுரைப் பக்கம் வாழைத்தார், கன்னியாகுமரிப் பக்கம் வாழைக்குலை. ரெண்டுல ஒண்ணை அடிச்சுட்டு இன்னொண்ணுக்கு மார்க் போடுறதை நானே பார்த்திருக்கேன். பத்தாம் வகுப்புத் தமிழ் புத்தகத்துல பாவாணர் கட்டுரையைப் புரட்டுங்க சார், அவரைக்கு கொத்து, வாழைக்கு தாறு, அதுல ஒரு பகுதி சீப்புன்னு அழகா பிரிச்சிருக்கார், அந்தத் தாறுதான் நம்ம வாயில தார்.

அதனால ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். கைடுல இல்லாத சொல்லைப் பார்த்தா இன்ட்டு போடுறதுக்கு முன்னாடி, இந்தச் சொல்லை நீ எங்க கேட்டன்னு அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. காசிமேட்டுல, வயல்ல, பாட்டி வாயிலன்னு பதில் வந்தா மார்க் போடுங்க.

எங்க வீட்டு கேஸ்ல முழு மார்க் வேணாம், அரை மார்க் போட்டாலும் போதும். நூத்துக்கு தொண்ணூத்தொன்பதரைன்னு நின்னுட்டு இருக்கா.